கலா (இசைத்தொகுப்பு)

இக்கட்டுரை 2007 ஆம் ஆண்டில் வெளியான இசைத்தொகுப்பு பற்றியது.

கலா என்பது ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட பிரித்தானியச் சொல்லிசைக் கலைஞரான எம்.ஐ.ஏ. (மாதங்கி "மாயா" அருள்பிரகாசம்) வெளியிட்ட இரண்டாவது தனி இசைத்தொகுப்பு ஆகும். இது 2007 ஆகஸ்ட் மாதத்தில் எக்ஸ்.எல்., இன்டர்ஸ்கோப் ஆகிய நிறுவனங்களின் வாயிலாக வெளிவந்தது. தொகுப்பின் பெயர் கலைஞருடைய தாயாரின் பெயராகும். ஹிப் ஹாப், நடன இசை, நாட்டார் தாளங்கள் ஆகியவை இதில் கலந்துள்ளன. இசைஞானி இளையராஜாவின் திரைப்பாடல் ஒன்றின் துணுக்கும், சென்னையில் பதிவு செய்யப்பட்ட உறுமி மேளமும் இதில் இடம்பெற்றுள்ளன. இதனால் தமிழ் இசை ஒலிகளை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்ற ஆக்கங்களுள் ஒன்றாக இத்தொகுப்பு கருதப்படுகிறது.

பழைய இசைத்தட்டுகளிலிருந்து சிறு பகுதிகளை வெட்டி எடுத்துப் புதிய பாடலைக் கட்டுவது ஹிப் ஹாப் இசையின் அடிப்படை முறையாகும். அமெரிக்கக் கலைஞர்கள் இதற்குப் பெரும்பாலும் சோல் இசைத்தட்டுகளைப் பயன்படுத்தினர். கலா தொகுப்பில் அந்த இடத்தைத் தமிழ்த் திரைப்பாடல்களும், இந்தித் திரைப்பாடலும், மூன்று கண்டங்களின் தெருவோசைகளும் பிடித்துக்கொள்கின்றன.

அடிப்படைத் தகவல்கள்

* வகை: தனி இசைத்தொகுப்பு
* கலைஞர்: எம்.ஐ.ஏ.
* வெளியீடு: 8 ஆகஸ்ட் 2007 (ஜப்பான்), 20 ஆகஸ்ட் 2007 (ஐக்கிய இராச்சியம்), 21 ஆகஸ்ட் 2007 (ஐக்கிய அமெரிக்கா)
* பாடல்களின் எண்ணிக்கை: 12
* முதன்மைத் தயாரிப்பாளர்கள்: எம்.ஐ.ஏ., ஸ்விட்ச், டிப்லோ
* முந்தைய தொகுப்பு: அருளர் (2005)
* அடுத்த தொகுப்பு: மாயா (2010)

பின்னணி: ஹிப் ஹாப்பும் இசைத்துணுக்கும்

சோல் இசை 1950களிலும் 1960களிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வளர்ந்த ஒரு வகை இசையாகும். தேவாலயப் பாடல் மரபும் ரிதம் அண்ட் புளூஸ் இசையும் இணைந்து இது உருவானது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன், மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஆகிய நிறுவனங்கள் இவ்விசையை நாடெங்கும் பரப்பின. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஹிப் ஹாப் தோன்றியபோது, அங்கிருந்த இளைஞர்களின் வீடுகளில் பெற்றோர் வாங்கி வைத்திருந்தவை இத்தகைய சோல், ஃபங்க் இசைத்தட்டுகளே. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில் நடந்த ஒரு விருந்தில் டி.ஜே. கூல் ஹெர்க் என்பவர் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளைக் கொண்டு பாடலின் தாளப் பகுதியை மட்டும் நீட்டித்து ஒலிக்கச் செய்தார். இந்நிகழ்வே ஹிப் ஹாப்பின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

1980களின் பிற்பகுதியில் எஸ்.பி.-1200, எம்.பி.சி.-60 போன்ற எண்ணிமக் கருவிகள் சந்தைக்கு வந்தன. இக்கருவிகள் ஓர் ஒலித்துணுக்கை நினைவகத்தில் சேமித்து, விசையை அழுத்தும் போதெல்லாம் அதனை ஒலிக்கச் செய்யக்கூடியவை. இதன் பின்னர் இசைத்துணுக்கு முறை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது.

சோல் துணுக்குகளை மையமாகக் கொண்டு அமைந்த தனி இசைத்தொகுப்புகளுள் பின்வருவன குறிப்பிடத்தக்கவை:

* கோஸ்ட்ஃபேஸ் கில்லாவின் அயர்ன்மேன் (1996). ரிசா என்பவரின் தயாரிப்பில் உருவானது. வறுமையில் தன்னை வளர்த்த தாயைப் பற்றிய இதன் புகழ்பெற்ற பாடல், ஜாக்சன் 5 குழுவின் பாடல் ஒன்றின் மேல் கட்டப்பட்டுள்ளது.
* ஜே-சீயின் த புளூபிரின்ட் (2001).
* கான்யே வெஸ்டின் த காலேஜ் டிராப்அவுட் (2004). இதில் இடம்பெற்ற த்ரூ த வயர் என்னும் பாடல், சாகா கானின் 1984 ஆம் ஆண்டுப் பாடலை வேகம் கூட்டிப் பயன்படுத்துகிறது.

இசைத்தட்டின் வேகத்தைக் கூட்டும்போது தாளமும் சுருதியும் ஒருசேர உயர்கின்றன. நிமிடத்திற்கு 33⅓ சுற்றுகள் சுழல வேண்டிய தட்டை 45 சுற்றுகளில் சுழற்றினால் வேகம் 1.35 மடங்காகிறது, சுருதி ஏறத்தாழ ஐந்து அரைச்சுரங்கள் ஏறுகிறது. முதிர்ந்த பாடகரின் குரல் சிறுபிள்ளையின் குரல் போல ஒலிப்பதற்கு இதுவே காரணமாகும். எண்ணிமக் கருவிகளில் தாளத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்ற இயலும். எனினும் பல கலைஞர்கள் பழைய முறையின் ஒலியையே விரும்பிக் கையாண்டனர்.

இம்முறை ஓர் உத்தி மட்டுமன்று. கலைஞன் தான் வளர்ந்த வீட்டில் கேட்ட இசையைத் தன் காலத்துக்குக் கொண்டுவருவதாகவும் இது அமைகிறது. கலா தொகுப்பைப் புரிந்துகொள்ள இந்த மரபு இன்றியமையாதது.

கலைஞர்

மாயா அருள்பிரகாசம் 1975 ஜூலை 18 அன்று இலண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது இவரது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குக் குடிபெயர்ந்தது. இவரது தந்தை அருளர் என்னும் பெயரில் அறியப்பட்டவர். ஈழப் புரட்சிகர மாணவர் இயக்கத்தின் (ஈரோஸ்) தோற்றத்தில் பங்கு கொண்டவர். தந்தை பெரும்பாலும் தலைமறைவாக இருந்தமையால் தாயார் கலாவே பிள்ளைகளை வளர்த்தார். குடும்பம் சிறிது காலம் சென்னையிலும் வாழ்ந்தது. உள்நாட்டுப் போர் தீவிரமடைந்த பின்னர், 1986 இல் தாயும் பிள்ளைகளும் ஏதிலிகளாக இலண்டன் திரும்பினர்.

இலண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலையும் திரைப்படமும் பயின்ற மாயா, பின்னர் இசைக்கு வந்தார். ரோலண்ட் எம்.சி.-505 என்னும் சிறிய தாளக் கருவியைக் கொண்டு இவர் உருவாக்கிய பாடல்களே அருளர் தொகுப்பின் அடித்தளமாயின. 2005 இல் வெளியான அத்தொகுப்பு பிரித்தானியாவின் மெர்குரி இசைப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

பெயர்க்காரணம்

முதல் தொகுப்பு தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கியது. இரண்டாவது தொகுப்பு தாயின் பெயரைத் தாங்குகிறது. அருளர் அரசியலைப் பேசியது என்றும், கலா தாயின் வாழ்வையும் உழைப்பையும் சார்ந்தது என்றும் இரண்டையும் ஒப்பிட்டுக் கூறுவது வழக்கம்.

தாயார் கலா இலண்டனில் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். 2019 இல் பிரித்தானிய அரசு மாயாவுக்கு எம்.பி.ஈ. பட்டம் அறிவித்தபோது, அத்தகைய பதக்கங்களைக் கையால் தைக்கும் பணியைத் தம் தாயார் 32 ஆண்டுகளாகச் செய்து வந்ததை மாயா வெளியிட்டார். பதக்கம் பெறுவோரின் பெயர் மட்டுமே செய்தித்தாளில் வரும். அதைத் தைத்தவரின் பெயர் எங்கும் வருவதில்லை. இத்தொகுப்பின் அட்டையில் அப்பெயர் இருக்கிறது.

நுழைவுரிமை மறுப்பும் பயணமும்

முதல் தொகுப்பின் வெற்றிக்குப் பின்னர் அமெரிக்காவில் தங்கி, டிம்பலண்ட் என்னும் புகழ்பெற்ற தயாரிப்பாளருடன் இணைந்து அடுத்த தொகுப்பை உருவாக்க மாயா திட்டமிட்டிருந்தார். ஆனால் 2006 இல் அமெரிக்கா இவருக்கு நுழைவுரிமை வழங்க மறுத்தது. இதனால் ஒரே கலைக்கூடத்தில் உருவாக வேண்டியிருந்த தொகுப்பு பல நாடுகளில் துண்டு துண்டாக உருவாக நேர்ந்தது. இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆத்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளுக்கு மாயா பயணம் செய்தார். சென்ற இடங்களில் கிடைத்த இசைக்கலைஞர்களையும் ஓசைகளையும் பதிவு செய்து சேர்த்துக்கொண்டார்.

இலண்டனைச் சேர்ந்த ஸ்விட்ச் (டேவ் டெய்லர்) இப்பயணத்தில் முதன்மைத் துணைத் தயாரிப்பாளராக விளங்கினார். டிம்பலண்ட் பங்களித்தது இறுதிப் பாடலான கம் அரவுண்ட் ஒன்றுக்கு மட்டுமே. எல்லையில் தடுக்கப்பட்ட அனுபவம் தொகுப்பின் உள்ளடக்கத்திலும் எதிரொலிக்கிறது. குடியேறுவோர், எல்லைகள், கடவுச்சீட்டுகள், தெருவோரப் பிழைப்பு ஆகியவை இதன் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

சென்னைப் பதிவுகள்

தொகுப்பின் தாள அடித்தளத்தின் ஒரு பகுதி சென்னையில் உருவானது. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் தமது கலைக்கூடத்தைப் பதிவுக்காகத் திறந்துவிட்டதுடன், உள்ளூர்க் கலைஞர்களின் தொடர்புகளையும் ஏற்படுத்திக் கொடுத்தார். இத்தொகுப்பில் இருவரும் இணைந்து பாடல் எதையும் அமைக்கவில்லை. இணைந்து பணியாற்றும் வாய்ப்பு பின்னர் ஸ்லம்டாக் மில்லியனர் (2008) திரைப்படத்தின் மூலம் அமைந்தது.

சென்னையில் பதிவானவற்றுள் தலையாயது உறுமி ஆகும். உறுமி இடை சிறுத்த, இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது விலங்கின் உறுமலை ஒத்த நீண்ட ஒலி எழுகிறது; மற்ற முகம் குச்சியால் அடித்து இசைக்கப்படுகிறது. தேய்க்கும் அழுத்தத்தை மாற்றுவதன் மூலம் சுருதியை ஏற்றவும் இறக்கவும் முடியும். தென் மாவட்டங்களிலும் கொங்குப் பகுதியிலும் கோயில் கொடைகளிலும் இறப்புச் சடங்குகளிலும் இது இசைக்கப்படுகிறது. மலேசியத் தமிழர்களிடையே உறுமி மேளக் குழுக்கள் பெருமளவில் உள்ளன. காஞ்சிபுரம் உள்ளிட்ட வட மாவட்டங்களின் அம்மன் திருவிழாக்களில் பம்பையும் உடுக்கையும் மிகுதியாக ஒலிக்கின்றன. ஆகவே அப்பகுதியினர் பலருக்கும் உறுமி பெரும்பாலும் திரைப்பாடல்களின் வாயிலாகவே அறிமுகமாகியிருக்கும்.

பல உறுமிகள் ஒரே நேரத்தில் இசைக்கப்படும்போது உண்டாகும் செறிவான தாளமே பர்ட் ஃப்ளூ, பாய்ஸ் ஆகிய பாடல்களின் உயிர்நாடி. மேலை நடன இசையில் ஒரு நடைக்கு நான்கு சீரான அடிகள் விழுவது வழக்கம். உறுமியின் தாளமோ அடிகளுக்கு இடையிலான வெளியைத் தேய்ப்பொலியால் நிரப்புகிறது. இவ்விரண்டையும் மோதவிட்டதே இப்பாடல்களின் புதுமையாகும்.

பாடல்கள்

1. பேம்பூ பங்கா - தளபதி (1991) திரைப்படத்தில் இளையராஜா இசையமைத்த "காட்டுக்குயிலு" பாடலின் துணுக்கைப் பயன்படுத்துகிறது. மூலப் பாடலை வாலி எழுத, எஸ். பி. பாலசுப்பிரமணியமும் கே. ஜே. யேசுதாசும் பாடியிருந்தனர். நண்பர் இருவரின் கொண்டாட்டமாக அமைந்த அப்பாடலின் ஒரு சிறு பகுதி, இங்கு கனத்த மின்னணுத் தாளத்தின் மேல் மீள மீள ஒலிக்கிறது. அமெரிக்க ராக் குழுவான மாடர்ன் லவர்சின் ரோட்ரன்னர் பாடலின் சாயலும் இதில் உண்டு. ஓடும் வாகனத்தின் கதவைத் தட்டும் ஏழைச் சிறுவர்களின் காட்சி இப்பாடலில் வருகிறது.

2. பர்ட் ஃப்ளூ - ஆர். பி. பட்நாயக் இசையமைத்த ஜெயம் (2003) திரைப்படப் பாடலான "திருவிழான்னு வந்தா" என்பதன் துணுக்கைக் கொண்டது. உறுமித் தாளத்துடன் கோழிகளின் கூவலும் சிறுவர்களின் ஆரவாரமும் கலந்துள்ளன. இதன் நிகழ்படம் தென்னிந்தியக் கடலோர மீனவர் ஊர் ஒன்றில் எடுக்கப்பட்டது. தொகுப்பிலிருந்து முதலில் பொதுமக்களின் செவிக்கு எட்டிய பாடல் இதுவே (2006).

3. பாய்ஸ் - உறுமியும் கரீபியத் திருவிழா இசையும் இணைந்த பாடல். போரைத் தொடங்கும் ஆண்களைச் சாடுகிறது. நிகழ்படம் ஜமைக்காவில் எடுக்கப்பட்டது.

4. ஜிம்மி - டிஸ்கோ டான்சர் (1982) இந்தித் திரைப்படத்திற்காகப் பப்பி லகரி இசையமைத்து, பார்வதி கான் பாடிய பாடலின் மறுவாக்கம். சிறுவயதில் விருந்துகளில் மாயா ஆடிய பாடல் இது. காதல் அழைப்பாக இருந்த மூலப் பாடலில், இனப்படுகொலை நடந்த நாடுகளைச் சுற்றிப்பார்க்க வருமாறு விடுக்கப்படும் அழைப்பை மாயா புகுத்தியுள்ளார்.

5. ஹஸில் - நைஜீரியப் பின்னணி கொண்ட இலண்டன் சொல்லிசைக் கலைஞர் ஆஃப்ரிக்கன் பாய் உடன் பாடியது. ஆவணமின்றிக் குடியேறியவர்களின் அன்றாடப் பிழைப்பைப் பற்றியது.

6. மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர் - ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்து வில்கேனியா ஊரைச் சேர்ந்த பழங்குடிச் சிறுவர் குழுவான வில்கேனியா மாப் முன்னரே பாடியிருந்த பாடலின் மேல் அமைந்தது. டிஜரிடூ என்னும் பழங்குடி ஊதுகருவி இதன் அடிநாதமாகும். ஆற்றில் மீன்பிடிக்கும் மகிழ்ச்சியைச் சிறுவர்கள் பாட, மாயா தமது பகுதியை இணைத்துள்ளார்.

7. 20 டாலர் - ஆப்பிரிக்கப் போர்க்களங்களில் துப்பாக்கி ஒன்று எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதைப் பேசுவது. பிக்சீஸ் என்னும் ராக் குழுவின் பாடல் அடியை மறுபயன்பாடு செய்கிறது.

8. வேர்ல்ட் டவுன் - உலகின் சேரிகளை ஒரே ஊராகக் காணும் பாடல். பால்டிமோர் நகர இசைக்கலைஞர் பிளாக்ஸ்டாரின் பாடல் துணுக்கைக் கொண்டது.

9. த டர்ன் - பிளாக்ஸ்டார் தயாரித்த, வேகம் குறைந்த பாடல்.

10. எக்ஸ்.ஆர்.2 - 1990களின் இலண்டன் நடன விருந்துகளை நினைவுகூர்வது. பெயர் ஒரு ஃபோர்டு மகிழுந்தின் வகையைக் குறிக்கிறது.

11. பேப்பர் பிளேன்ஸ் - கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

12. கம் அரவுண்ட் - டிம்பலண்ட் தயாரித்து உடன் பாடியது.

பேப்பர் பிளேன்ஸ்

தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற பாடல் இதுவாகும். டிப்லோ இதன் முதன்மைத் தயாரிப்பாளர். இங்கிலாந்தின் த கிளாஷ் குழு 1982 இல் வெளியிட்ட ஸ்ட்ரெய்ட் டு ஹெல் என்னும் பாடலின் தொடக்க இசை இதில் துணுக்காகப் பயன்படுகிறது. அம்மூலப் பாடல், குடியேறியவர்களும் போரில் பிறந்த குழந்தைகளும் ஏற்கப்படாமல் விரட்டப்படுவதைப் பற்றியது. எனவே மாயா எடுத்துக்கொண்டது இனிய மெட்டு ஒன்றை மட்டுமன்று. அதனுடன் அதன் பொருளும் வந்து சேர்ந்தது.

பாடலின் பல்லவியில் சிறுவர்களின் குரல்களுக்கு இடையே துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசையும் வருகின்றன. குடியேறியவர்கள் அனைவரும் பணத்தைப் பறிக்க வந்தவர்கள் என்னும் பொதுப்புத்தியை எள்ளி நகையாடுவதே தமது நோக்கம் என்று மாயா விளக்கினார். நுழைவுரிமை மறுக்கப்பட்ட அனுபவம் இப்பாடலுக்குத் தூண்டுதலாயிற்று. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் துப்பாக்கி ஓசை நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ ஒலிபரப்பானது. இதனை மாயா வெளிப்படையாகக் கண்டித்தார்.

2008 இல் பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் திரைப்படத்தின் முன்னோட்டத்தில் இடம்பெற்ற பின்னர் இப்பாடல் பெரும் வெற்றி பெற்றது. அவ்வாண்டு பில்போர்டு ஹாட் 100 தரவரிசையில் 4 ஆம் இடம் வரை உயர்ந்தது. ஸ்லம்டாக் மில்லியனர் திரைப்படத்திலும் இது பயன்படுத்தப்பட்டது.

பின்னர் இப்பாடலே மற்றவர்களுக்கு மூலமாயிற்று. இதில் மாயா பாடிய அடி ஒன்றைத் துணுக்காகக் கொண்டு டி.ஐ., ஜே-சீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன் ஆகியோர் ஸ்வாகா லைக் அஸ் (2008) பாடலை உருவாக்கினர். சோல் துணுக்குகளால் புகழ்பெற்ற அதே ஜே-சீயும் கான்யே வெஸ்டும் ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலைத் துணுக்காகக் கொண்ட பாடலில் பங்கேற்றது குறிப்பிடத்தக்கது.

மூல இசையும் உரிமையும்

பதிவு செய்யப்பட்ட ஒரு பாடலில் இரண்டு தனித்தனி உரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியது. மற்றொன்று ஒலிப்பதிவுக்கு உரியது. துணுக்கு ஒன்றைப் பயன்படுத்துபவர் பொதுவாக இரண்டுக்கும் ஒப்புதல் பெற வேண்டும். 1991 இல் அமெரிக்க நீதிமன்றம் பிஸ் மார்க்கி என்னும் கலைஞருக்கு எதிராக அளித்த தீர்ப்புக்குப் பின்னர், ஒப்புதலின்றித் துணுக்கு எடுப்பது பெரும் இடர் என்னும் நிலை ஏற்பட்டது.

இந்தியத் திரையிசையும் இச்சிக்கலுக்கு உட்பட்டதே. ட்ரூத் ஹர்ட்ஸ் என்னும் பாடகியின் அடிக்டிவ் (2002) பாடலில், பப்பி லகரி இசையமைத்து லதா மங்கேஷ்கர் பாடிய இந்திப் பாடலின் பகுதி பெயர்க்குறிப்பின்றிப் பயன்படுத்தப்பட்டது. 2003 இல் அமெரிக்க நீதிமன்றம், லகரியின் பெயர் குறிப்பிடப்படும் வரை அவ்விசைத்தட்டின் விற்பனையை நிறுத்தி வைக்க ஆணையிட்டது. கலா தொகுப்பில் இளையராஜா, பட்நாயக் ஆகியோரின் பாடல்கள் துணுக்குக் குறிப்புகளில் இடம்பெற்றுள்ளன. பேப்பர் பிளேன்ஸ் பாடலின் ஆக்கியோர் பட்டியலில் த கிளாஷ் குழுவினர் நால்வரும் உள்ளனர்.

எனினும் பெயர்க்குறிப்பு பெரும்பாலும் இசையமைப்பாளரோடும் நிறுவனத்தோடும் நின்றுவிடுகிறது. துணுக்கில் உண்மையில் ஒலிப்பது எந்தக் கையின் தட்டல் என்பது பதிவாவதில்லை. அமெரிக்காவில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் ஆவார். ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்கி டிரம்மர் (1970) பாடலில் இவர் இசைத்த தாளம் ஹிப் ஹாப் வரலாற்றில் மிகுதியாகத் துணுக்காக்கப்பட்டவற்றுள் ஒன்று. பாடலின் உரிமை இவரிடம் இல்லாமையால் அத்துணுக்குகளுக்கான உரிமத்தொகை இவருக்குக் கிடைக்கவில்லை. இவர் 2017 இல் காலமானார்.

தமிழ்த் திரையிசையிலும் வாத்தியக் கலைஞர்கள் கால்ஷீட் கணக்கில் ஊதியம் பெறுவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. பதிவு முடிந்ததும் அவர்களுக்கும் பாடலுக்குமான தொடர்பு முடிந்துவிடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 இல் நிகழ்த்துநர் உரிமை சேர்க்கப்பட்டது. 2012 திருத்தம் அதனை விரிவாக்கியது. இவற்றுக்கு முன்னர் பதிவான பாடல்களே பெரும்பாலும் துணுக்குகளாக எடுக்கப்படுகின்றன. தவில், பறை, உறுமி முதலியவற்றை இசைத்த கலைஞர்களின் பெயர்களைத் திரட்டி ஆவணப்படுத்துவது இக்காரணத்தாலும் தேவையான பணியாகிறது.

வரவேற்பு

ஐக்கிய அமெரிக்காவின் பில்போர்டு 200 தரவரிசையில் இத்தொகுப்பு 18 ஆம் இடத்தையும், ஐக்கிய இராச்சியத்தில் 39 ஆம் இடத்தையும் எட்டியது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் பின்னர் இதற்குத் தங்கச் சான்றிதழ் அளித்தது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2007 ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பாக இதனைத் தேர்ந்தெடுத்தது.

2009 பெப்ரவரியில் நடந்த 51 ஆவது கிராமி விருதுகளில், ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு என்னும் பிரிவுக்குப் பேப்பர் பிளேன்ஸ் பரிந்துரைக்கப்பட்டது. ஸ்வாகா லைக் அஸ் அதே விழாவில் சிறந்த கூட்டுச் சொல்லிசைக்கான விருதை வென்றது. நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த மாயா அவ்விழா மேடையில் பாடினார். அதே மாதத்தில் நடந்த 81 ஆவது ஆஸ்கார் விழாவில், ஏ. ஆர். ரகுமானும் மாயாவும் இணைந்து உருவாக்கிய ஓ... சாயா பாடல் சிறந்த பாடலுக்கான பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. ஈழப்போர் அதன் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்த மாதங்கள் அவை. கிடைத்த மேடைகளில் வன்னி மக்களின் நிலையைப் பற்றி மாயா பேசினார்.

விமர்சனங்கள்

* ஆக்கியவர் யார் என்னும் சிக்கல்: இவரது இசையின் பின்னே ஆண் தயாரிப்பாளர் ஒருவரே இருக்க வேண்டும் என்னும் தொனியில் பல இதழ்கள் எழுதின. 2007 இல் பிட்ச்போர்க் இதழுக்கு அளித்த நேர்காணலில் மாயா இதனைக் கடுமையாக மறுத்தார். கலா தொகுப்பின் பெரும்பகுதிக்கு இவரே இணைத் தயாரிப்பாளர் ஆவார்.

* அரசியல்: ஈழப் போராட்டம் குறித்த இவரது கருத்துகளும் குறியீடுகளும் வன்முறையை ஆதரிப்பதாகச் சிலர் குற்றம் சாட்டினர். தாம் பேசுவது போரில் சிக்கிய மக்களைப் பற்றியே என்று மாயா கூறிவந்தார்.

* பிறர் இசையைப் பயன்படுத்தல்: ஏழை நாடுகளின் ஓசைகளைத் திரட்டி மேலைச் சந்தையில் விற்பது சரியா என்னும் கேள்வியும் எழுந்தது. தமிழ்ப் பாடல்களைப் பொறுத்தவரை மாயா அந்நியர் அல்லர் என்பது இதற்கு ஒரு மறுமொழி. ஆனால் லைபீரிய, ஆத்திரேலியப் பழங்குடி வாழ்வுகளைப் பொறுத்தவரை அம்மறுமொழி போதாது. இக்கேள்வி துணுக்கு முறை முழுவதற்கும் பொருந்தும்.

தமிழ்ச் சொல்லிசையும் கலாவும்

கலாவுக்கு முன்னரும் இளையராஜாவின் இசை ஹிப் ஹாப்பில் இடம்பெற்றிருந்தது. அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு, ஸ்ரீ ராகவேந்திரர் (1985) படப்பாடல் ஒன்றின் துணுக்கைத் தமது எலிஃபங்க் (2003) தொகுப்பில் பயன்படுத்தியது. மலேசியாவின் யோகி பி மற்றும் நட்சத்திரா குழுவினர் வல்லவன் (2006) தொகுப்பில், நிழல்கள் (1980) திரைப்படத்தின் "மடை திறந்து" பாடலைத் தமிழ்ச் சொல்லிசையாக மாற்றினர். தமிழகத்தில் ஹிப்ஹாப் தமிழாவின் ஹிப் ஹாப் தமிழன் தொகுப்பு 2012 இல் வெளியானது.

இவற்றோடு ஒப்பிடுகையில் கலா தமிழ் மொழியில் அமைந்த தொகுப்பு அன்று; இதன் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ் இங்கு சொற்களாக அன்றித் தாளமாகவும் திரைப்பாடல் நினைவாகவுமே இடம்பெறுகிறது. டெட்ராய்ட்டின் பழைய இசைத்தட்டு ஒரு பிராங்ஸ் இளைஞனுக்கு எதுவோ, அதுவே புலம்பெயர்ந்த வீட்டில் ஒலித்த திரைப்பாடல் ஒளிநாடா மாயாவின் தலைமுறைக்கு ஆகும். இவ்வகையில் கலா சோல் துணுக்குத் தொகுப்புகளின் மரபில் வைத்து எண்ணத்தக்கது.

மாயாவின் வாழ்வையும் இசையையும் பற்றிய ஆவணப்படம், ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கத்தில் மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் 2018 இல் வெளியானது.

இவற்றையும் பார்க்கவும்

* அருளர் (இசைத்தொகுப்பு)
* உறுமி
* தளபதி (திரைப்படம்)
* சோல் இசை
* தமிழ்ச் சொல்லிசை
* பதிப்புரிமை